மலைக்கு அந்தப் பக்கத்து மாத்திரை

1

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். நாங்கள் கேட்டிருந்த ஆராய்ச்சிப் பணம் கிடைத்துவிட்டது. இன்னும் சில வருஷங்களுக்கு எலிகளுக்குத் தீனியும் எங்களுக்குச் சம்பளமும் உண்டு. எல்லோரும் கை தட்டினார்கள். என் பங்குக்கு ஒரு துண்டு வந்தது. காகிதத் தட்டோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு நன்றாக அழுதேன். அன்று காலையில்தான் சுருளிப்பட்டியிலிருந்து மதினி போன் செய்து, அண்ணனுக்கு வருஷத் திதி கொடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தார்.

இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தால் நான் என்ன செய்ய? "நீ அங்க அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்ற?" என்று ஊரில் ஆளுக்கு ஆள் கேட்பீர்கள். நானும் சிரித்து மழுப்புவேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணம் எதற்கு என்று சொல்லாமல் அண்ணன் கதையைச் சொல்ல முடியாது.

வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகிற சேதி. இப்போதுள்ள பெரிய வலி மருந்துகள், மார்ஃபினும் அதன் பங்காளிகளும், மூளைக்குள் போய் அந்தச் சேதியை அமுக்குகின்றன. அமுக்கும்போதே ஒரு சுகத்தையும் கொடுக்கின்றன. அந்தச் சுகத்துக்குத்தான் ஆட்கள் அடிமையாகிறார்கள். மூளைக்குப் போகாமல், வலி கிளம்புகிற நரம்பிலேயே மருந்து போய் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதா என்று தேடுவது எங்கள் வேலை. தேடினால் மட்டும் போதாது, அதுதான் சரியான இடம் என்று நிரூபிக்கவும் வேண்டும். அதற்கப்புறம்தான் மருந்துக் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கம் தலையைத் திருப்புவார்கள்.

இதை அண்ணனிடம் ஒருமுறை போனில் நம் ஊர் பாஷையில் சொன்னேன். "அண்ணே, இப்ப இருக்கிற மருந்து தலைமதகையே அடைச்சுப்புடுது. ஊரு பூராம் காஞ்சு போகுது. நாங்க எந்த வயலுக்குத் தண்ணி வேணாமோ அந்த மடைய மட்டும் அடைக்கப் பாக்குறோம்."

அண்ணன் விடவில்லை. "அப்ப நீ அங்கனயும் மடை அடைக்கிற வேலைதேன் பாக்குற. அதுக்கா அம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போன?"

என் அண்ணன் தங்கராசு அப்படித்தான். திராட்சைத் தோட்டக்காரர். என்னைவிட ரொம்ப மூத்தவர். அப்பா போன பிறகு என்னைக் காலேஜில் சேர்த்து, விடுதி வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்தவர். பாசத்தை நேராகச் சொல்லத் தெரியாது. கிண்டலாகத்தான் வரும். எனக்கும் அதே வாய்தான், என்ன செய்ய?

2

நான் இருக்கிறது பெரிய நகரமில்லை. மூடிப்போன தொழிற்சாலைகளும் மேப்பிள் மரங்களும் உள்ள ஊர். குளிர் வந்தால் லேசில் போகாது. காலையில் காரின் மேல் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு ஆய்வகத்துக்குப் போவேன். எலியின் பாதத்தை மெல்லிய நைலான் இழையால் தொட்டு, எப்போது காலை இழுத்துக்கொள்கிறது என்று குறிப்பது என் முதல் வேலை. மருந்து கொடுத்த எலி சற்றே தாமதமாக இழுக்கும். அந்தத் தாமதத்தில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

"வயக்காட்டு எலிய வெசம் வச்சுக் கொல்லுற குடும்பத்துல பொறந்துட்டு, எலிக்கு வலிக்குதான்னு பாக்குறவ நீ ஒருத்திதேன் ஆத்தா" என்பார் அண்ணன்.

இந்த வேலைக்கு இந்த நாடு எதற்குப் பணம் கொடுக்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது எந்தக் கட்டுரையும் இல்லை. பக்கத்து வீட்டு மார்ஷாதான். அவள் மகனுக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதினார். முதுகு சரியாகிவிட்டது, மாத்திரையை விட முடியவில்லை. டாக்டர் நிறுத்தியதும் தெருவில் வாங்க ஆரம்பித்தான். ஒருநாள் குளியலறைக் கதவை மார்ஷா உடைக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அவன் அறையை அவள் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை.

இப்படிப் பிள்ளைகள் செத்து விழுந்த பிறகு, அடிமையாக்காத வலி மருந்தைக் கண்டுபிடியுங்கள் என்று அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. ஒதுக்கினால் உடனே கையில் வந்துவிடுமா? மனுப் போட வேண்டும். என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பக்கம் பக்கமாக எழுத வேண்டும். முகம் தெரியாத பேராசிரியர்கள் கூடி மதிப்பெண் போடுவார்கள். கோட்டுக்கு மேலே வந்தால் பணம், கீழே விழுந்தால் திருத்தி எழுதி மறுபடியும் வரிசை. நாங்கள் முதல் தடவை கீழேதான் விழுந்தோம். இன்னொரு தடவையும் விழுந்தால் ஆய்வகத்தை மூடவேண்டியதுதான் என்று எங்கள் பேராசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்த வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

அந்த இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் அண்ணனுக்கு முதுகு வலிக்கிறது என்று மதினி சொன்னார்.

3

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். "கொடிக்குக் கவாத்து வெட்டப் போனவுக, பந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாக ராணி. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கல" என்றார் மதினி. மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால் புற்று. எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. மருந்து ஏற்றினார்கள், கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் நல்லவிதமாகவே சொன்னார்: இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், வலியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. வீடியோவில் அண்ணனிடம், "பத்துக்கு எவ்வளவுண்ணே?" என்று கேட்டேன்.

"என்ன, பரீட்சையா வைக்கிற? மார்க்குக் கம்மின்னா பெயிலாக்கிருவியா?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "காலம்பறக் கொடைச்சலாத்தேன் இருக்கும். வெயிலேற ஏறக் கடுப்பு. சாயங்காலமானா விண்ணு விண்ணுன்னு எலும்புக்குள்ள எவனோ உளி வச்சு அடிக்கிற மாதிரி இருக்குத்தா" என்றார்.

கொடைச்சல், கடுப்பு, விண்விண். ஒவ்வொன்றுக்கும் வேறு நரம்பு, வேறு வழி. இதை அறிய நாங்கள் எத்தனையோ எலிகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். அறிந்து என்ன? அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வேண்டியது புது மருந்து இல்லை. மார்ஃபின் மாத்திரை. பழைய மருந்து, விலையும் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மருந்துக் கடையில் கிடைக்காது. லைசென்ஸ் உள்ள ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். கையெழுத்துப் போடவேண்டிய டாக்டர் மாறுதலில் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை. அடுத்த முறை போனபோது சரக்கு இல்லை. யாரும் விரட்டவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணன் மதினி கையைப் பிடித்து நசுக்கியதில் அவர் விரல் வீங்கிவிட்டது.

இதையெல்லாம் ஒருநாள் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று மார்ஷாவிடம் புலம்பினேன். அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் குப்பியோடு வந்தாள். நிறைய மாத்திரை. அவளுடைய முழங்கால் ஆபரேஷனுக்குக் கொடுத்தது. மகன் எடுத்துவிடுவானோ என்று ஒன்றைக்கூட விழுங்காமல், வலியைப் பொறுத்துக்கொண்டு, கார் டிக்கியில் பூட்டி வைத்திருந்தாளாம்.

"உன் அண்ணனுக்குக் கொண்டு போ" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏர்போர்ட்டில் பிடித்தால் ஜெயில். தெரிந்துதான் பேசுகிறாயா?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். மகனைக் கொன்ற மாத்திரை யாருக்காவது நல்லது செய்யட்டும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். இரண்டு பேரும் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்தோம். குப்பி நடுவில் இருந்தது. இங்கே ஒரு வீட்டில் பூட்டி வைக்கிறார்கள், அங்கே ஒரு வீட்டில் அதற்காக அலைகிறார்கள். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். "மனு?" என்றார் பேராசிரியர். அங்கிருந்தே எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

4

சுருளிப்பட்டிக்கு நான் போய் இறங்கியபோது, வழி ஒன்று கிடைத்திருந்தது. அதை அண்ணன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வழி காட்டியவர் வர்கீஸ். மலைக்கு மேலே, கம்பமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். அண்ணனிடம் திராட்சை வாங்கப் போக வர நண்பரானவர். அங்கே பஞ்சாயத்திலிருந்தே நர்ஸ் வீடு தேடி வருவார்களாம். படுக்கையில் இருப்பவரைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லி, வாரா வாரம் மாத்திரை கொடுப்பார்களாம். விழுங்க முடியாவிட்டால் ஊசியும் உண்டு. ஆனால் ஆள் அந்த எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். மலையிறங்கித் தமிழ்நாட்டுக்கு அவர்கள் வர முடியாது. வாரா வாரம் அண்ணனைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்கலாம் என்றால், அந்த முதுகெலும்பு தாங்காது.

"எண்ட வீட்டுல பின்னாடி ரூம் சும்மா கெடக்கு அண்ணாச்சி. நீங்களும் சேச்சியும் வந்து தாமசிங்க. ஒண்ணும் பேடிக்கண்டா, பயப்படாதீங்க" என்றார் வர்கீஸ்.

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "மலைக்கு மேல போயி சாகச் சொல்றியா வர்க்கீசு?"

அவருடைய பயம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெளியிலே உயிர் போன உடம்பை வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவர மாட்டார்கள். தெருவிலேயே வைத்து, தெருவிலேயே குளிப்பாட்டி, அப்படியே எடுத்துவிடுவார்கள். அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார். வேனில் கொண்டுவந்து வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் பெஞ்சில் கிடத்தினோம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேர் தார்ப்பாயைப் பிடித்தார்கள். ஒரு முனை அண்ணன் கையில். காற்றில் தார்ப்பாய் தூக்கித் தூக்கி அடிக்க, அப்பாவின் காலெல்லாம் நனைந்தது. எதிரே எங்கள் வீடு கதவு திறந்து கிடந்தது. அவர் கட்டிய வீடு.

"அப்பாவ நனைய விட்டோம்த்தா. எனக்கு வலிச்சாலும் பரவால்ல, எம் வீட்டுல கெடந்து சாகுறேன்" என்றார் அண்ணன்.

மதினி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பந்தலுக்கடியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நீ வலிக்குத்தேனே படிச்ச ராணி? ஒரு மாசமா அவுக அலறல வாயில துண்ட வச்சு அமுக்குறாக. நான் பாத்துருவேன்னு எனக்குத் தெரியாமத் தோட்டத்துக்கு வந்து அழுகுறாக. நீ சொன்னாக் கேப்பாக. எப்படியாச்சும் மேல கொண்டு போயிரு."

அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். "மேல போவோம்ண்ணே. வலி இல்லாம இருங்க. நேரம் வர்றப்ப உசிரோட கீழ கொண்டாந்துருவேன். நம்ம வீட்டுக்குள்ளதேன். நான் பொறுப்பு."

"சத்தியமா?"

அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். உடனே அடுத்ததைக் கேட்டார். "ஏத்தா, அந்த மாத்திரை பழகிருமாமே? டி.வி.ல காட்டுனான்."

"இந்த வலிக்கு அளவாக் குடுத்தா அப்படி ஆகாதுண்ணே. அவுக பாத்துத்தேன் குடுப்பாக."

"ஆனா ஆகிட்டுப் போகுது. இந்த வயசுல போதைக்கு அடிமையாகி ஊரு மேயப் போறேனாக்கும்" என்றார். மதினி சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

5

வர்கீஸ் வீட்டுப் பின்னறை முழுக்க ஏலக்காய் வாசம். ஜன்னலைத் திறந்தால் பனிமஞ்சு உள்ளே வரும். போன அன்றே லிஸி சிஸ்டர் வந்தாள். சின்னப் பெண், தோளில் பெரிய பை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதன உண்டோ அண்ணாச்சி? எவிட?" என்று கேட்டாள். வலி எங்கே என்றுதான் கேட்டாள், எண் கேட்கவில்லை. அவர் கொடைச்சல், கடுப்பு என்று சொன்னதை என்னைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து பொறுமையாகக் கேட்டாள். போனில் டாக்டரிடம் பேசி மாத்திரை கொடுத்தாள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னால். மதினிக்கு அதுதான் அதன் பிறகு வேதம். கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அளவு சரிப்பட இரண்டு மூன்று நாளாயிற்று. அப்புறம் ஒரு மத்தியானம் அண்ணன் தூங்கினார். நெற்றி சுருக்கமில்லாமல், வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டு. மதினி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையையே கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும் அண்ணன் கேட்ட முதல் வார்த்தை, "மீன் கொழம்பு கெடைக்குமா?" வர்கீஸ் வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன் கறியும் கொடுத்தனுப்பினார்கள். "எம்புட்டு உறைப்பு! இவங்க மாத்திரைல மிச்சம் பிடிச்சு மொளகாயில கொட்டுறாங்க" என்று குறை சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டார். என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார்.

அவர் தூங்கும் நேரத்தில் நான் மடிக்கணினியைத் திறந்து மனு எழுதினேன். மனுவின் முதல் பக்கத்தில், இந்த ஆராய்ச்சி ஏன் அவசரம் என்று எழுத வேண்டும். அது எல்லோரும் எழுதுகிற வாக்கியம்தான்: இப்போதுள்ள மருந்துகள் மனிதரை அடிமையாக்கி அழிக்கின்றன, ஆகவே புதியது தேவை. விரல் ஓடவில்லை. பக்கத்தில் அந்த மருந்து என் அண்ணனைத் தூங்க வைத்திருக்கிறது. அந்த வாக்கியம் பொய்யில்லை, மார்ஷா மகன் பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து எழுத அந்தப் பக்கத்தில் இடமில்லை. புது மருந்து வந்தாலும், முதலில் விலை எங்கேயோ இருக்கும். கையெழுத்துக்கு டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் அதுவும் இருக்காது. இதையும் எங்கே எழுத? கடைசியில் எல்லோரும் எழுதுகிற வாக்கியத்தைத்தான் எழுதினேன். "பிரமாதம், இதுதான் வேண்டும்" என்று பேராசிரியர் பதில் போட்டார்.

என் மகள் நித்யா காலேஜிலிருந்து வீடியோவில் வந்தாள். "ஹாய் அங்கிள்" என்றாள்.

"அங்கிளா? ஒனக்குக் காது குத்துறப்ப எம் மடியில உக்காந்து சட்டைய நனைச்சவ நீ. மாமான்னு சொல்லு தாயி" என்றார் அண்ணன். அவளுக்குப் பாதி புரிந்தது. "மாமா" என்றாள், வெள்ளைக்காரி சொல்கிற மாதிரி. அண்ணனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பின்னால் அவர் இறந்த அன்று அவளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: உன் இழப்புக்கு வருந்துகிறேன் அம்மா. என் இழப்பாம்! தாய்மாமன் போனது அவளுக்கு யார் வீட்டு இழப்போ. அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? வளர்த்த ஊர் அப்படி.

6

எனக்கு அந்த நாட்களில் ஒரே கவலை, எப்போது இறக்குவது என்பதுதான். சீக்கிரம் இறக்கினால் கீழே நர்ஸ் இல்லை, அண்ணன் மறுபடி வாயில் துண்டை வைக்க வேண்டியிருக்கும். தாமதித்தால் அப்பாவைப் போலத் தெருவில் கிடப்பார். லிஸி சிஸ்டர் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் நாடியைப் பார்ப்பாள், காலின் வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பாள், "இன்னு வேண்டா சேச்சி" என்பாள். இன்றைக்கு வேண்டாம்.

ஒருநாள் காலையில் அண்ணன் சரியாகக் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் "ம்" என்றார். லிஸி பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தாள். "இனி வைகிக்கண்டா சேச்சி. இன்னு தன்னெ கொண்டு போணும்." தாமதிக்காதே, இன்றைக்கே கொண்டு போ என்கிறாள். வலிக்கு ஊசி போட்டாள். டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி மூன்று நாள் மருந்தைக் கையில் கொடுத்தாள். கடைசியாக அண்ணன் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வர்கீஸ் தன் ஜீப்பில் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டார். அவரே ஓட்டினார். அண்ணன் தலை மதினி மடியில், கை என் கையில். எதிரே தோட்டத்து வேலைக்குப் போகும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்க வேண்டியிருந்தது. ஒரு வளைவில் மஞ்சு விலகி, கீழே கம்பம் பள்ளத்தாக்கு தென்னையும் வாழையுமாகத் தெரிந்தது. காற்று முகத்தில் பட்டதோ என்னவோ, அண்ணன் கண் திறந்தார்.

"ஏத்தா... உம் மருந்து எப்ப வரும்?"

"இன்னும் ரொம்ப வருசம் ஆகும்ண்ணே."

"பொறுமையாச் செய்யி. மடை... சரியான மடையாப் பாத்து அடை." சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "வலிக்குதாண்ணே?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

மலையிறங்கி, கம்பத்தைத் தாண்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் என் விரலுக்கடியில் அவருடைய நாடி நின்றுவிட்டது. தடவித் தடவிப் பார்த்தேன். மதினியை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவருக்கும் தெரிந்துவிட்டது. முன்னால் பார்த்தபடி, "வண்டிய நிறுத்தாதீக வர்க்கீசு" என்றார். குரல் பிசகவில்லை. பிறகு குனிந்து, அண்ணனின் காதருகே, "இந்தா வந்துருச்சுங்க. சுருளிப்பட்டி விலக்கு வந்துருச்சு. கண்ண மூடிப் படுத்திருங்க" என்றார். ஊர் வரும் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். தோட்டத்தில் தண்ணீர் பாய்வதைச் சொன்னார், யாரோ சைக்கிளில் போவதைச் சொன்னார். எனக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அவர் என் தொடையை அழுத்திக் கிள்ளினார்.

போன் போயிருந்ததால் வாசலில் கூட்டம். முன்னால் சீனிப் பெரியப்பா நின்றார். எங்கள் பங்காளிகளில் மூத்தவர். நல்லது கெட்டதுக்கு அவர் சொல்தான். அப்பாவைத் தெருவில் வைக்கச் சொன்னவரும் அவரே. ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார். மதினி நேரே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா ராணி" என்றார் பெரியப்பா. "நீ டாக்டருக்குப் படிச்சவ. நீயே சொல்லு. உசிரு இருக்கா?"

நான் படித்தது அந்த டாக்டருக்கு இல்லை. அதை வேறு எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"இருக்கு பெரியப்பா. நாடி ஓடுது" என்றேன்.

அவர் குனிந்து அண்ணனின் மணிக்கட்டைத் தானே பிடித்தார். எத்தனையோ சாவுக்கு முன்னால் நின்று நடத்தியவர். அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பிடித்தபடியே நின்றார். ரொம்ப நேரம் கழித்து, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "ஆமப்பா, லேசா ஓடுது. தூக்குங்கடா, பதனமா. தலைய ஒசத்திப் பிடிங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தூக்கினார்கள். வாசற்படி தாண்டியது. நடுவீட்டில் அவருடைய கட்டிலிலேயே படுக்க வைத்துவிட்டு ஆண்கள் வெளியே போனார்கள். மதினி வேட்டியைச் சரி செய்தார், கையை நெஞ்சின் மேல் எடுத்து வைத்தார், நெற்றியைத் துடைத்தார். தலைமாட்டில் வழக்கம்போலக் கடிகாரத்தை வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்தார். மாத்திரை நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"ராணி, இனிமே அவுகளுக்கு வலிக்காதுல்ல?" என்றார்.

"வலிக்காது மதினி."

அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். வாசலில் காத்திருந்த பெண்கள் உள்ளே வந்தார்கள்.